நரி முகம் பார்த்தவள்

அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறேன்.

"ஏங்க, அவளைப் பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

"எவளை?"

"பொழுது சாஞ்சா எவளைப் பாக்க ஓடறீங்களோ, அவளைத்தான்."

நரியைச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். பங்குனி மாதம், கடலை முற்றிக் கிடந்த நேரம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். கடைசி நாளும் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் போனான் என்று சொல்வார்கள். சண்டை இல்லை தம்பி. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

உட்காருங்கள். ஆத்தூர் பஸ் இப்போதைக்கு வராது. அந்தக் கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், குரங்கு இருக்கிறது. களிமண் நரியைப் படம் பிடித்தீர்களா? பிடித்திருப்பீர்கள், அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டு என்ன செய்வது. அதற்கு நாயின் காதை வைத்திருக்கிறார்கள். செய்தவன் நரியைப் பார்த்ததே இல்லை. அதற்கு ஒரு மாலை, மேளம், அதன் மூஞ்சியை எட்டி எட்டிப் பார்க்க ஒரு கூட்டம். டீக்கடையில் நிஜ நரியைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், "அய்யந்துரையைக் கேளுங்க, அவன்தான் நரியைக் கெடுத்தான்" என்று என்னைக் கை காட்டியிருப்பார்கள். நான்தான் அய்யந்துரை. நான் கெடுத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊரில் தை மாதம் நரி முகம் பார்த்தால் யோகம். வங்கா நரி என்போம், சின்ன உடம்பு, வால் நுனியில் மட்டும் மையைத் தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. பொங்கல் கழிந்ததும் அதை வலை போட்டுப் பிடித்து, மாலை போட்டு, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக் கொண்டுவருவோம். ஊரே அதன் முகத்தைப் பார்க்கும். பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவோம். ஒரு கீறல் படக்கூடாது, அது கட்டுப்பாடு. அந்த வலை எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும். என் அப்பனுக்கும் முந்தி இருந்து அப்படி. வனத்துறைக்காரர்கள் கூடாது என்று சொன்ன பிறகும் ஊரில் யாரும் விடவில்லை, கொஞ்சம் ஒளித்து நடத்தினார்கள். நான் வனத்துறையைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை அவர்களுக்கு.

என் நிலம் கரட்டு அடிவாரத்தில். மேட்டு நிலத்தை நாங்கள் காடு என்போம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உண்டு. மார்கழியில் கடலை போடுவேன். கரட்டடியில் கடலை போடுகிறவன் முயலுக்கும் நரிக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று இங்கே ஒரு பேச்சு. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முளை விட்டால் முயல் வரும். நுனியை மட்டும் கத்தரிக்கோல் வைத்த மாதிரி கடித்துவிட்டுப் போகும். விதை போட்டதிலிருந்தே நரி வரும், காய் பிடித்தால் ஓயாது. அது தின்பது கொஞ்சம்தான், எலியைத் தேடுகிறேன் என்று கிளறிப் போடுவது அதிகம். அதனால் பொழுது இறங்கும்போதே போய்விடுவேன். வரப்பில் ஒரு பாறை இருக்கிறது, அதில் உட்கார்ந்து அவ்வப்போது தகரத்தைத் தட்டுவேன். பழைய கேசட்டிலிருந்து நாடாவை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டியிருந்தேன், காற்றடித்தால் அது விர்ரென்று பேசும். நன்றாக இருட்டி, ஆள்காட்டிக் குருவி கத்தி ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வருவேன்.

"அதுக்கப்புறம் நரி வராதா? நரி என்ன பஞ்சாயத்து ஆபீசா, நேரம் வச்சு வந்துட்டுப் போக?" என்று பாவாயி கேட்பாள். பாவாயி என் சம்சாரம். அவள் வாய் அப்படி.

"நான் உக்காந்திருந்த வாடை விடியிற மட்டும் நிக்கும்" என்பேன். நிற்கும் தம்பி. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நிற்கும்.

சும்மா தகரம் தட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் மயில் கரட்டுக்கு ஏறும். அப்புறம் கீரி ஒன்று ஓடை தாண்டும். முயல் புதரை விட்டு வந்ததும் உடனே மேயாது, பின்னங்காலில் உட்கார்ந்து காதைத் திருப்பித் திருப்பிக் கேட்கும். நரி கடைசியில் வரும். புற்று மேல் ஏறி உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். தட்ட வேண்டியதுதான், ஆனால் வந்ததும் தட்டினால் அதற்குப் பழகிவிடும். கொஞ்சம் விட்டுத் தட்ட வேண்டும்.

பாவாயிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சேலத்துக்குக் கூட்டிப் போய் மருந்து ஏற்றினோம். அதிலெல்லாம் நான் குறை வைக்கவில்லை. பஸ்ஸில் என் தோளில்தான் சாய்ந்து வருவாள். வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் படுக்கை, எனக்குக் காடு. பிழைப்பைப் பார்க்காமல் முடியுமா? அவள் தங்கச்சி கந்தாயி துணைக்கு வந்து இருந்தாள். பெண்களுக்குப் பெண்கள் துணை. ஆம்பிளை பக்கத்தில் உட்கார்ந்து என்ன பண்ணப்போகிறான், முழித்துக்கொண்டு இருப்பான்.

மருந்தில் அவள் முடி கொட்டியது. கொத்துக் கொத்தாக வரும். முயலுக்கு மனித வாடை ஆகாது, சலூனில் பெருக்கித் தள்ளுகிற முடியைக் கேட்டு வாங்கி வந்து வரப்போரம் தூவுவது இங்கே எல்லோரும் செய்கிறதுதான். ஒரு சாயங்காலம் அவள் தன் முடியைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"சலூன் முடிக்கு இது மேலு. கொண்டுபோய்ப் போடுங்க. நானும் உங்ககூடக் காட்டுல இருந்த மாதிரி இருக்கும்."

நல்ல யோசனை என்று வாங்கிக்கொண்டேன். ஓடைப்பக்கம் முயல் நுழைகிற சந்தில் தூவினேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பக்கம் முயல் தலைகாட்டவில்லை. வந்து அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் பிரயோசனம்தான்" என்றாள்.

"பின்னே?" என்றேன். அவளுக்குச் சந்தோசம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சீலை விசயமும் அப்படித்தான். காட்டைச் சுற்றிச் சீலை கட்டினால் ஆள் நிற்கிறது என்று நரி ஒதுங்கும். அவள்தான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, இனி எங்கே கட்டப்போகிறேன் என்றாள். நான் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. கந்தாயி சுள்ளி பொறுக்க வந்தவள் வேலியில் அதையெல்லாம் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஆள் உசுரோட இருக்கையிலேயே சீலையைக் காட்டுல கட்டிட்டீங்களே மாமா, உங்களுக்கு நெஞ்சா, கருங்கல்லா?"

"அந்தக் கத்தரிப்பூச் சீலை கட்டின பக்கம் ஒரு செடி போகலை, வந்து பாரு" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு விவசாயம் தெரியாது. கட்டிக் கொடுத்த இடம் டவுன்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் நான் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு இருக்கிறேன். பாவாயி கேட்டாள்.

"ஏங்க, அது வந்து அப்படி என்னதான் பண்ணும்?"

"எது?"

"அதான், நரி."

"வரும். புத்து மேல உக்காரும். என்னைப் பாக்கும்."

"உங்களையேவா?"

"ஆமா."

"அப்புறம்?"

"நானும் பாப்பேன்."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கு அந்த மூஞ்சியை ஒருக்கா காட்டுங்க. அதுல என்ன இருக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நரி முகம் பார்த்தால் யோகம். உயிருக்குப் பயந்துதான் கேட்கிறாள், வாய் விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறாள். கட்டின பெண்டாட்டி கேட்டு இல்லை என்பேனா? ஊர்ப் பூசை போடாமல் வலையைப் பரணிலிருந்து இறக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. நான் இறக்கினேன். வனத்துறைக்குத் தெரிந்தால் கேஸ். தெரியட்டும் என்றுதான் இறக்கினேன்.

நரியின் தடம் எனக்குத் தெரியும். கற்றாழை வேலியில் ஒரு சந்து. பொழுது இறங்குகிற நேரம் அதில் வலையைத் தொங்கவிட்டுவிட்டு, நான் சுற்றிக்கொண்டு புற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஒரு தட்டுத் தட்டினேன். ஊரே திரண்டு போய்க் கூச்சல் போட்டுப் பிடிக்கிற நரி, அன்றைக்கு என் ஒரு தட்டுக்கு நேரே போய் விழுந்தது. வாயைத் துணியால் கட்டி, சாக்கில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் கோழிக்கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டேன். கந்தாயியை அவள் வீடு வரைக்கும் போய் வரச் சொல்லிவிட்டோம். கதவைச் சாத்தினேன்.

நரியைத் தனியாக அவளோடு விட்டுவிட்டு எங்கே போவது? காட்டுக்குப் போகவும் வேலை இல்லை, வர வேண்டிய நரி வீட்டுக்குள் இருக்கிறது. அதனால் வீட்டிலேயே இருந்தேன்.

கூடைச் சந்து வழியாக அதன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எல்லாம் பார்க்கவில்லை. "பயந்து கெடக்குது, பாவம்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், எத்தனை மாதமாகப் பேசாத பேச்சு. கல்யாணமான புதுசில் ஆத்தூருக்கு சினிமா பார்க்கப் போய் நான் குறட்டை விட்டது, முன் சீட்டுக்காரன் திரும்பி அவளைத் திட்டியது, வெள்ளாடு ஒன்று என் வேட்டியைத் தின்றது. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், வலியும் இருக்கும். "உங்க கையால போடுங்க" என்று ரசஞ்சோறு கேட்டாள். நான் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டாள் தம்பி! பச்சைத் தண்ணீர் இறங்காதவள் சாப்பிட்டாள். நரி முகத்துக்கு எவ்வளவு சக்தி என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"நாளைக்கும் இது இருக்குமா?" என்று கேட்டாள்.

"விடியறதுக்குள்ள விட்டுரணும்."

"அப்ப நாளைக்குக் காட்டுக்குப் போயிருவீங்க."

"போகாம?"

"இன்னும் ஒரு நாள் வச்சுக்கலாமா?"

பாவம் என்று சொன்னவள்தான் இன்னும் ஒரு நாள் கேட்கிறாள். யோகம் என்றால் யாருக்கு ஆசை விடும்? ஆனால் அது நியாயம் இல்லை, விலங்குக்கும் வயிறு இருக்கிறது. விடியலில் தூக்கிப் போய்ப் புற்றடியில் அவிழ்த்துவிட்டேன். மோட்டார் போட வந்த பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் அதைப் பார்த்துவிட்டான். பெரியண்ணன் பார்த்தால் தண்டோரா தேவையில்லை.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா சீரங்கன்தான் பேசினார்.

"ஊருக்குப் பொதுவான மூஞ்சியக் கதவைச் சாத்தி ஒரு வீட்டுல வச்சுப் பாத்துட்டியேப்பா. ஊரு யோகத்தை எல்லாம் உன் பொண்டாட்டி ஒருத்திக்கே ஊட்டிட்டியா?"

"இத்தனை வருசமா ஊரே பாத்துச்சே, என்ன யோகம் வந்துச்சு? ரோடு வந்துச்சா? ஏரி நெறைஞ்சுச்சா?" என்றேன்.

பின்னால் இருந்து யாரோ, "பெரியண்ணனுக்கு ரெண்டாந்தாரம் வந்துச்சே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், பெரியண்ணன் தவிர. சீரங்கனும் சிரிக்கவில்லை.

"அம்மன் முன்னாடி தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு மாப்ள. வலை உன் வீட்டுலயே இருக்கட்டும். உன் அப்பன் பேருக்காகச் சொல்லறேன்."

"பொண்டாட்டி கேட்டதைச் செஞ்சது தப்பா? சொல்ல மாட்டேன்."

"வலை போயிரும்."

"போகட்டும்."

அன்றைக்கே வலையை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தையில் அவர்கள் வலை கட்டி மூன்று சாயங்காலம் காத்துக் கிடந்தும் நரி விழவில்லை. எப்படி விழும்? ஒரு தடவை பட்டது. அதோடு வனத்துறை ஜீப்பும் வந்து நின்றுவிட்டது. அடுத்த வருசம் களிமண்ணில் செய்தார்கள், இன்றைக்கும் அதுதான். எல்லாவற்றுக்கும் அய்யந்துரைதான் காரணம் என்பார்கள். ஆமாம், நான்தான். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவள் இன்னொரு தரம் கேட்டிருந்தால் இன்னொரு தரமும் பிடித்திருப்பேன்.

எனக்கு அதில் பெரிய நிம்மதி வந்தது, அதை யாரும் எண்ணிப் பார்க்கிறதில்லை. முன்னாலெல்லாம் அவளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகையில் மனதில் ஏதோ இடறும். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பேன். நரி முகம் பார்த்த பிறகு அந்த இடறல் இல்லை. இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தேன். முளைக்கு முயல் இறங்குகிற சமயம், அப்புறம் பூ, அப்புறம் காய். ஒரு நாள் தவறவில்லை. கந்தாயிதான் அரற்றுவாள்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க. அக்கா முகம் சரியில்ல."

"நரி முகம் பாத்தவளுக்கு என்ன ஆகும்? போ, போய்க் கஞ்சி வை."

பாவாயி ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை. அதை நீங்கள் எழுதினாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் சொன்னதில்லை. "என்ன பாத்தீங்க இன்னைக்கு?" என்று மட்டும் கேட்பாள். சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

பங்குனியில், அந்த முதலில் சொன்ன சாயங்காலம், அவள் கேலி செய்தாளே, அன்றைக்குத்தான் குட்டிகள் வெளியே வந்தன. வளைக்குள் குட்டி போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், தாயின் வயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தேன். அன்றைக்கு வெயில் சாய்ந்து நிழல் நீண்டு கிடக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. சாம்பல் உருண்டை மாதிரி. ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி விழுந்தது. தாய் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது, நான் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருக்கிறேன். ஒன்று தன் நிழலைப் பார்த்துக் குரைத்தது. இதைச் சொன்னால் பாவாயி எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண் தெரிகிற மட்டும் இருந்தேன். இதில் என்ன தப்பு?

தெரு முனையில் வரும்போதே கூட்டம். கந்தாயி வாசலில் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாவாயியைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைத்து, கால் கட்டைவிரலைக் கட்டிவிட்டார்கள். நான் தகரத்தை வைத்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"பாவாயி, குட்டி வெளிய வந்துருச்சு புள்ள. நாலு. ஒண்ணு அதோட நெழலைப் பாத்தே கொரைக்குது" என்று சொன்னேன்.

அதைத்தான் ஊரில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். பிணத்துக்கிட்ட உட்கார்ந்து நரிக்குட்டிக் கதை சொன்னான் பாரு என்று. தினமும் கேட்கிறவளிடம் அன்றைக்கு மட்டும் சொல்லாமல் இருக்க வேண்டுமா? சொன்னேன். முழுசும் சொன்னேன். கீரி ஓடை தாண்டினதைக் கூட விடவில்லை.

கந்தாயி ஒன்று சொல்கிறாள். உயிர் போகிறதுக்கு முந்தி அவள் அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அய்யந்துரை, அய்யந்துரை என்று வாசல் பார்த்துக் கூப்பிட்டாளாம். பொய். கேட்கிறவர்களுக்கு அழுகை வரட்டும் என்று கட்டிச் சொல்கிறாள். பாவாயி கட்டின நாள் முதல் என் பேரை வாயால் சொன்னதில்லை. ரேசன் கடையில் கேட்டால் கூடப் பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்லச் சொல்வாள். அவளாவது, பேர் சொல்லிக் கூப்பிடுவதாவது. கந்தாயி சத்தியம் பண்ணுகிறாள், பண்ணட்டும். காரியம் முடிந்த பிறகு அவள் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நரி முகம் பார்த்தும் போய்விட்டாளே என்று சீரங்கன் ஒரு நாள் இதே இடத்தில் என்னிடம் கேட்டார். "பாக்காம இருந்தா தையிலயே போயிருப்பா" என்றேன். யோகம் மூன்று மாதம் கொடுத்தது. அந்த மூன்று மாதத்தில் நான் அவளைக் கவலையில்லாமல் விட்டுவிட்டுப் போய் வந்தேன். அது யோகம் இல்லையா? சொல்லுங்கள்.

அதோ விளக்குத் தெரிகிறது, உங்கள் பஸ்தான். கையைக் காட்டுங்கள், இல்லையென்றால் நிற்க மாட்டான். நானா? நான் காட்டுக்குத்தான். பொழுது இறங்கிவிட்டது, இதுவே தாமதம். யார் என்ன சொன்னாலும் போவேன்.

என்ன போட்டிருக்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? ஒன்றும் போடவில்லை. அவள் போன பிறகு நான் விதைக்கவில்லை. புல்தான் இருக்கிறது.